ரிவர்ஸ் எடுத்தால் ட்ரெய்லர் பிரேக் கவ்விக்கொள்கிறது, ஷூ மாற்ற வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். படகு ஏற்றும் ட்ரெய்லர், வண்டியோடு கோர்க்கும் கப்ளரிலேயே மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அமுக்கித் தள்ளும் உருளை) இருக்கும் ஹைட்ராலிக் பிரேக், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. முன்னால் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ரிவர்ஸ் எடுத்தால் நாலடி போவதற்குள் சக்கரம் நின்று டயர் தரையில் தேய்கிறது, கொஞ்சம் முன்னால் இழுத்தால் தானாக விட்டுவிடுகிறது. போன மாதம் இழுக்கும் வண்டியை மாற்றினீர்கள், கூடவே ஒயர் ப்ளக்கையும் மாற்றினீர்கள். பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கம் உரசி நிறுத்தும் பாகம்) போய்விட்டதா, மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஷூவைப் பற்றிக் கேட்டாலும், இது கோளாறா இல்லை இந்த பிரேக்கின் சுபாவமே இப்படித்தானா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன். சுபாவம்தான். இந்த வகை பிரேக் ரிவர்ஸில் கவ்வத்தான் செய்யும். கவ்வாமல் தடுக்க தனியாக ஒரு ஏற்பாடு வைத்திருப்பார்கள், அது இப்போது வேலை செய்யவில்லை. அதனால் இப்போதைக்கு ஷூவைத் தொடாதீர்கள். ட்ரெய்லர் பிரேக் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் ஷூ குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு.

உங்களுடைய இந்த வகைக்குப் பெயர் சர்ஜ் பிரேக். சர்ஜ் பிரேக் என்றாலும் ஓவர்ரன் பிரேக் என்றாலும் யோசனை ஒன்றுதான். ட்ரெய்லரின் முன் நுனியில் இருக்கும் கப்ளர் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு துண்டாக இருக்கும். நீங்கள் பிரேக் போட்டதும் முன்னால் இருக்கும் வண்டி மெதுவாகும், பின்னால் இருக்கும் ட்ரெய்லர் தன் வேகத்திலேயே வந்து முட்டும், அந்த முட்டலில் கப்ளர் உள்ளே சறுக்கி மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும், பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏறி சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். எவ்வளவு பலமாக முட்டுகிறதோ அவ்வளவு பிரேக். டிரைவர் தனியாக எதையும் அழுத்த வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குக் கண் கிடையாது. ரிவர்ஸில் நீங்கள் ட்ரெய்லரைத் தள்ளுகிறீர்கள், கப்ளர் அப்போதும் அதே மாதிரிதான் உள்ளே போகிறது. ட்ரெய்லர் வண்டியை முட்டுகிறதா, வண்டி ட்ரெய்லரைத் தள்ளுகிறதா என்று அந்த சிலிண்டருக்கு எப்படித் தெரியும்? பிரேக் பிடித்துவிடும். பிடித்ததும் நீங்கள் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுப்பீர்கள், அது இன்னும் பலமாகப் பிடிக்கும். மேட்டில் ஏற்றினால், சேற்றிலோ மணலிலோ தள்ளினால், இன்னும் மோசம்.

ஆகவே எல்லா சர்ஜ் பிரேக்கிலும் 'இது ரிவர்ஸ், பிடிக்காதே' என்று சொல்ல ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். உங்கள் ட்ரெய்லரில் அது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பழைய, எளிய வழி என்றால் கப்ளர் உள்ளே சறுக்காமல் கையால் ஒரு பின்னோ கட்டையோ செருகுவது. அடுத்தது டிரம்முக்குள்ளேயே இருப்பது. ஃப்ரீ பேக்கிங் என்பார்கள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் ஷூ ஒன்று சற்று நகர்ந்து கொடுத்து டிரம்மை விட்டுவிடும், அதனால் அழுத்தம் இருந்தாலும் முழுதாகக் கவ்வாது. மூன்றாவது மின்சாரம். மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சோலினாய்டு வால்வு இருக்கும், வண்டியின் ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் கரண்ட் அதற்கும் வரும், வந்ததும் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வழியை அடைத்துவிடும். சில வகையில் அடைப்பதற்குப் பதில் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடும். உங்களுடையது டிரம்மா டிஸ்க்கா என்று நீங்கள் எழுதவில்லை. டிஸ்க் என்றால் ஃப்ரீ பேக்கிங் என்ற பேச்சுக்கே இடமில்லை, டிஸ்க் எந்தப் பக்கம் சுற்றினாலும் அதை இரு பக்கமும் கவ்வும் காலிபர் ஒரே மாதிரிதான் பிடிக்கும். அப்போது சோலினாய்டு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கைப் பின்.

இனி உங்கள் விஷயம். ப்ளக் மாற்றினேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியம். அதற்கு முன்னால் ரிவர்ஸில் தொந்தரவு இல்லை, பிறகுதான் வந்தது என்றால் சோலினாய்டுக்குக் கரண்ட் போகவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். ஏன் போகவில்லை என்பதில்தான் இரண்டு மூன்று வாய்ப்பு இருக்கிறது. வட அமெரிக்க வகை தட்டை ப்ளக்கில் நாலு பின் என்றால் எர்த், பார்க் லைட், இடது, வலது, அவ்வளவுதான். ஐந்து பின் தட்டை ப்ளக்கில் கூடுதலாக இருக்கும் அந்த ஐந்தாவது ஒயர்தான் ரிவர்ஸுக்கானது. ஐந்து பின் ட்ரெய்லரை நாலு பின் வண்டியில் செருகினால் லைட் எல்லாம் எரியும், இண்டிகேட்டர் அடிக்கும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும், அந்த ஐந்தாவது மட்டும் அந்தரத்தில் நிற்கும். அடாப்டர் வாங்கி மாட்டியவர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான்.

இன்னொன்று இதைவிட மோசமானது. ஐந்து பின் தட்டை ப்ளக்கில் ரிவர்ஸ் ஒயர் நீல நிறம். ஏழு பின் வட்ட ப்ளக்கிலும் ஒரு நீல ஒயர் உண்டு, ஆனால் அது எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலரிலிருந்து, அதாவது இழுக்கும் வண்டியிலிருந்து மின்சார ட்ரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் கருவியிலிருந்து வருவது. அதில் ரிவர்ஸ் லைட் வருவது நடுப் பின். ப்ளக் மாற்றுகிறவர் நிறத்தைப் பார்த்து நீலத்தோடு நீலத்தை முறுக்கி டேப் சுற்றிவிடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, யாருக்குமே அப்படித்தான் தோன்றும். விளைவு என்ன? ரிவர்ஸ் போட்டால் சோலினாய்டுக்குக் கரண்ட் வராது, பிரேக் கவ்வும். அது போகட்டும், டயர் தேய்வதோடு போய்விடும். ஆனால் வண்டியில் பிரேக் கன்ட்ரோலர் இருந்து, நீங்கள் சாலையில் பிரேக் மிதித்தால் நீல ஒயரில் கரண்ட் வரும், சோலினாய்டு ஆயிலை அடைக்கும், பிரேக் தேவைப்படும் அந்த நொடியில் ட்ரெய்லர் பிரேக் இல்லாமல் போய்விடும். இப்படி ஒயர் மாறிய ஒரு ட்ரெய்லரை நானே பார்த்திருக்கிறேன். உரிமையாளர் ரிவர்ஸ் கோளாறு என்றுதான் கொண்டுவந்தார், ஏற்கெனவே ஒரு ஜோடி ஷூவும் மாற்றியிருந்தார். முன்னால் ஓட்டும்போது பிரேக் எப்படி என்று கேட்டேன். 'கொஞ்ச நாளாக ட்ரெய்லர் முதுகில் தள்ளுகிற மாதிரி இருக்கு, லோடு அதிகம்னு நினைச்சேன்' என்றார். ப்ளக்கைத் திறந்தால் நீலமும் நீலமும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தன. அதனால் உங்கள் ப்ளக் ஏழு பின் என்றால் இதைப் பார்க்காமல் அடுத்த பயணம் போகாதீர்கள்.

சோதனைக்கு ஒரு ஆள் துணை வேண்டும். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, துணைக்கு இருப்பவரை பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் போடச் சொல்லுங்கள். நீங்கள் சோலினாய்டின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்தால் உள்ளே 'டிக்' என்று ஒரு தட்டு, காதில் விழாவிட்டாலும் விரலில் தெரியும். தட்டு இல்லையென்றால் மீட்டரை எடுங்கள். இங்கே ஒரு சின்ன விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒயரைக் கழற்றி, அதன் நுனியில் மீட்டரை வைத்துப் பார்த்து, '12 வோல்ட் வருதே' என்று சோலினாய்டு மேல் பழியைப் போட்டுப் புதிது வாங்குவார்கள். துரு பிடித்த, பத்து இழையில் ஒரு இழை மட்டும் மிஞ்சிய ஒயரும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் எடுப்பதே இல்லை. சோலினாய்டை மாட்டிய நிலையிலேயே அதன் இரண்டு முனைக்கும் நடுவில் அளக்க வேண்டும். 12-க்குப் பக்கத்தில் காட்டினால் கோளாறு சோலினாய்டிலேயேதான். மூன்று நாலு என்று விழுந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது, பெரும்பாலும் எர்த்தில். சும்மா பூஜ்யம் என்றால் வண்டிப் பக்கம் ஃபியூஸ், ப்ளக் பின், அல்லது நான் மேலே சொன்ன நீல ஒயர்.

எர்த் விஷயத்தில் ஒரு வார்த்தை. படகு ட்ரெய்லர் தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிறது, உப்புத் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூவை வைத்து வெள்ளை ஒயரை இறுக்கியிருப்பார்கள், அந்த இடம் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பச்சைப் பொடி. கப்ளர் உட்காரும் இரும்பு உருண்டை வழியாக எர்த் எடுக்கிறது என்று நம்பி ஓடும் ட்ரெய்லர்களும் உண்டு, உருண்டையில் கிரீஸ் தடவியதும் எர்த் போய்விடும். வெள்ளை ஒயரை ப்ளக்கிலிருந்து நேராகத் தனியாக இழுத்து சோலினாய்டுக்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி ஒழிந்தது.

சரி, தட்டு கேட்கிறது, கரண்டும் வருகிறது, அப்படியும் கவ்வுகிறதா? அப்போது நீங்கள் ரிவர்ஸ் எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் போய்க்கொண்டே இருந்து, பிரேக் போட்டு நிறுத்தி, உடனே ரிவர்ஸ் போட்டால் கப்ளர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும், ஆயில் அழுத்தம் சக்கரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் சோலினாய்டு வழியை அடைத்தால் அழுத்தம் வெளியே வரவும் வழியில்லை, பிரேக் பிடித்தபடியே பூட்டிக்கொள்கிறது. வழியை அடைக்கும் வகையில் இது சகஜம், கோளாறு இல்லை. நிறுத்தியதும் அரை அடி முன்னால் இழுத்து கப்ளரை வெளியே வரவிட்டு, அப்புறம் ரிவர்ஸ் போட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்துத் தள்ளுங்கள். துணைக்கு இருப்பவரைத் தள்ளி நின்று கப்ளரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வழியை அடைக்கும் வகையில் சோலினாய்டு ஒழுங்காக வேலை செய்தால் நீங்கள் தள்ளும்போது கப்ளர் உள்ளே போகாது, அப்படியே விறைத்து நிற்கும். போகிறது என்றால் வால்வு முழுதாக அடைக்கவில்லை, உள்ளே துருத்தூளோ அழுக்கோ மாட்டியிருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கவ்வினால், அல்லது முன்னால் இழுத்த பிறகும் விடாமல் சக்கரம் சூடாகிக்கொண்டே வந்தால், அது வேறு வியாதி. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ப்ளீடர் ஸ்க்ரூ, அதாவது சக்கர பிரேக்கிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு. கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கவ்விய சக்கரத்தின் ப்ளீடரில் ஒரு ட்யூபை மாட்டி அரைச் சுற்றுத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் மாறாமல் அப்படியே இறுகி நின்றால் கோளாறு டிரம்முக்குள், இரும்பில்தான். அழுத்தம் என்றால் மூன்று இடம் பாருங்கள். ரப்பர் ஹோஸ் பழசாகி உள்சுவர் உப்பிப்போனால் தள்ளும்போது ஆயிலை விடும், திரும்பி வரும்போது விடாது, வெளியே தடவிப் பார்த்தால் நல்ல ஹோஸ் மாதிரியே இருக்கும். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சின்னத் துளை அழுக்கில் அடைந்திருக்கலாம். மூன்றாவது, ட்ரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் போடுவதற்கு கப்ளரில் ஒரு லீவரும் அதில் சங்கிலியோ கேபிளோ இருக்கும். திருப்பத்தில் அந்தச் சங்கிலி நீளம் போதாமல் சுண்டி இழுபட்டால் லீவர் ஒரு பல் முன்னேறி அங்கேயே நின்றுவிடும். பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஊர் சுற்றுவீர்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை, ஆனால் பார்க்க அரை நிமிடம் போதும், கருவிகூட வேண்டாம்.

டிரம் வகை, ஃப்ரீ பேக்கிங் என்று தெரிந்தால் இரண்டு தவறுகளைத் தேடுங்கள். ஒன்று, அட்ஜஸ்ட்மென்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பது. பின்னோக்கிச் சுற்றும்போது ஷூ நகர்ந்து கொடுக்க இடம் வேண்டும், இறுக்கிவிட்டால் இடம் ஏது? சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்டார் வீலை (ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல் சக்கரம்) இறுக்கி, நன்றாகப் பிடிக்கும் வரை கொண்டுபோய், பிறகு ஷூவின் மேலுள்ள லைனிங் பட்டை லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். எத்தனை கிளிக் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள். இரண்டாவது, பிரேக் வேலை பார்த்தவர் இடது அசெம்பிளியை வலதில் மாட்டியிருப்பது. சாதாரணமாகக் குட்டை லைனிங் உள்ள ஷூ முன்பக்கம், நீள லைனிங் உள்ளது பின்பக்கம் வர வேண்டும். மாறியிருந்தால் முன்னால் போகும்போது பிரேக் மந்தமாகவும், ரிவர்ஸில் முரட்டுத்தனமாகவும் இருக்கும். ஒன்று மட்டும், ஃப்ரீ பேக்கிங் என்றால் ரிவர்ஸில் பிரேக் சுத்தமாக இருக்காது என்று நினைக்க வேண்டாம். லோடோடு மேட்டில் தள்ளினால் கொஞ்சம் உரசும், அது இயல்பு. டயர் நின்று தேய்ந்தால்தான் கோளாறு.

இதே புகாரோடு இதைப் படிக்கும், ஐரோப்பிய வகை கேரவன் (வண்டியில் இழுத்துச் செல்லும் வீடு) வைத்திருப்பவர்களுக்கு. உங்களுடையதில் ஆயில் இருக்காது, கம்பியும் கேபிளும் இருக்கும், டிரம்முக்குள் தானாக ரிவர்ஸை உணர்ந்து ஷூ மடங்கிக் கொடுக்கும். பிரிட்டனில் 1989 ஏப்ரலிலிருந்து புது ஓவர்ரன் ட்ரெய்லர்களுக்கு இது கட்டாயம், அதற்கு முந்தைய பழசு என்றால் கையால் போடும் கொக்கியைத் தேடுங்கள். இதில் கவ்வினால் பெரும்பாலும் காரணம், கப்ளரிலிருந்து சக்கரங்களின் கேபிளை இழுக்கும் நடுக் கம்பியை அதிகம் இறுக்கியிருப்பது. பிரேக் சரியில்லை என்று சக்கரத்தைத் தொடாமல் கம்பியில் உள்ள நட்டை மட்டும் இறுக்குவார்கள், சுலபம் என்பதால். முறை தலைகீழ். கம்பியை முழுதாகத் தளர்த்தி, முதலில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூவைச் சரிசெய்து, கடைசியில்தான் கம்பி. சக்கரத்தைச் சரிசெய்யும்போது முன்னோக்கி மட்டுமே சுற்ற வேண்டும், தெரியாமல் பின்னோக்கிச் சுற்றிவிட்டால் அந்த மடங்கும் ஷூ மடங்கி, தளர்வாக இருப்பது போலக் காட்டி, உங்களை இன்னும் இறுக்க வைக்கும். கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருந்தாலும், கப்ளரின் சறுக்கும் தண்டு கிரீஸ் இல்லாமல் இறுகியிருந்தாலும் இதே தொந்தரவுதான். முழு எலெக்ட்ரிக் பிரேக் உள்ளவர்களுக்கு ரிவர்ஸில் கவ்வ இயந்திரக் காரணம் எதுவும் இல்லை. ரிவர்ஸ் லைட் எரியும்போது மட்டும் கவ்வினால் அந்தக் கரண்ட் எங்கோ பிரேக் ஒயரில் கசிகிறது, ப்ளக்கைத் திறந்து பாருங்கள்.

சரிசெய்யும் வரை இடையில் ஒரு முறை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் கப்ளருக்கென்று வரும் லாக் அவுட் பின் (கப்ளர் உள்ளே சறுக்காமல் தடுக்கும் அந்தக் கைப் பின்) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஸ்பேனரையோ மரத்துண்டையோ இடுக்கில் செருக வேண்டாம், கை நசுங்கும். ஆயில் ஹோஸைக் கிளாம்பு போட்டு இறுக்குவதும் வேண்டாம், அன்றைக்குத் தப்பினாலும் நான் மேலே சொன்ன உள்சுவர் உப்பும் வியாதிக்கு அதுதான் ஆரம்பம். பின் போட்டால் வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். இதை எழுதுகிற நானே ஒரு தடவை எடுக்க மறந்து, லோடோடு இறக்கத்தில் இறங்கி, பாதி வழியில் வண்டி பிரேக் வாசனை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்து ஓரம் கட்டியிருக்கிறேன். அதிலிருந்து பின்னில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, வண்டிச் சாவியோடு அது தொங்கினால்தான் கிளம்புவது என்று வைத்திருக்கிறேன்.

ஒயர் பார்ப்பது, எர்த் சுத்தம் செய்வது, லீவரைப் பார்ப்பது எல்லாம் நீங்களே செய்யலாம். ப்ளீடரைத் திறந்தால் பிறகு காற்று எடுக்க வேண்டும், தொட்டியில் மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே ஊற்ற வேண்டும், பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 இருக்கும், டாட் 5 என்ற சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்கக் கூடாது. அந்த வேலையில் பழக்கம் இல்லையென்றால் பழகியவரிடம் விடுங்கள். ஆனால் உங்கள் கதையில் அதுவரை போக வேண்டியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் ப்ளக்கைத் திறந்து எத்தனை பின், நீல ஒயர் எங்கே போகிறது, நடுப் பின்னில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள், டிரம்மா டிஸ்க்கா என்பதையும் சேர்த்து.